பன்னிரண்டாவது முட்டை

சவோ தீவின் மணலில் கை விட்டால்
முழங்கை வரை வெதுவெதுப்பு.
தோள் வரை போனால்
காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி.
அங்கே நிற்கும் முட்டை,
படுக்காமல், நெட்டுக்குத்தாக,
செங்கல் தூள் பூசிய நிறத்தில்.

இட்டவள் திரும்பிப் பார்ப்பதில்லை.
விடியலில் வருவாள், பறிப்பாள், இடுவாள்,
காலால் மூடுவாள், காட்டுக்குள் போய்விடுவாள்.
அடை காப்பது எரிமலை.

எங்கள் பாத்தி கடலிலிருந்து மூன்றாவது.
ஓலை வேலிக்கு அப்பால் கொழுந்தன் ஹெஸ்ரனுடையது.
பறவைக்கு வேலி தெரியாது.
வேலிக்கு நேர் கீழே இட்டுவிட்டால்
அன்றைக்கு இரண்டு வீட்டிலும்
கிழங்கு தொண்டையில் இறங்காது.

பறவை ஒரு கோழி அளவுகூட இல்லை.
முட்டையோ கோழிமுட்டை இரண்டு சேர்ந்த கனம்.
உடைத்தால்
வெள்ளைக்கரு பேருக்கு.
மற்றதெல்லாம் மஞ்சள், மஞ்சள்,
சட்டியின் விளிம்பு வரை மஞ்சள்.
ஒன்று போதும் ஒரு கேக்குக்கு.

ஏன் இவ்வளவு மஞ்சள்?
பொரித்து வரும் குஞ்சுக்கு
ஊட்ட ஆளில்லை, காட்ட ஆளில்லை.
மண்ணை முட்டி மேலே வர ஒரு நாள், இரண்டு நாள்.
வந்ததும் பறக்க வேண்டும்.
அவ்வளவு தூரத்துக்கும் அவள் கட்டிக் கொடுத்த
கட்டுச்சோறு அது.
நாங்கள் வழிப்பறிக்காரர்கள்.
இப்படி நினைத்தபடியே இரண்டு தின்றிருக்கிறேன்,
உப்புப் போட்டு.

திங்கள்கிழமை பன்னிரண்டு எடுத்துக்கொண்டு
ஹோனியாராவுக்குப் படகேறினேன்.
பெரணி இலைப் பொதி, அதன் மேல் துணி.
அலை தூக்கிப் போட்டபோது
கூடையை மடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்தில் இருந்தவன் கேட்டான்,
அக்கா, நீங்களும் அடை காக்கிறீர்களா என்று.

இரவு சந்தையில் மேசைக்கடியில் தூக்கம்.
தலைமாட்டில் கூடை.
நடு இரவில் ஒரு டொக்.
எலி என்று செருப்பால் தரையைத் தட்டினேன்.
மறுபடி டொக்.
தூக்கம் என்னை விடவில்லை.

காலையில் வந்தார் விடுதிச் சமையல்காரர் டோராவிக்கி.
முட்டையில் மயிர் பிடுங்குகிற மனிதர்.
ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டினார்,
மோந்தார்,
கைப்பேசி விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
இதில் குஞ்சு இருக்குமா?
இருக்காது.
இருந்தால்?
இருந்தால் விலை கூடுதல்,
எங்கள் ஊரில் அதற்குத்தான் அடிபிடி.

அவர் முகம் சுளித்த நேரம்
துணி அசைந்தது.
இலைக்குள்ளிருந்து கால்கள் வந்தன,
உடம்புக்குப் பொருந்தாத, யாரோ பெரியவரின் கால்கள்.
பிறகு காய்ந்து முடித்த ஒரு பழுப்புப் பந்து.
பந்து எங்களைப் பார்த்தது,
டோராவிக்கியை, என்னை, தராசை.
அம்மாவைத் தேடுகிற பார்வை இல்லை அது.
வழி தேடுகிற பார்வை.

பறந்தது.

வெற்றிலைபாக்குக் கடையின் குடைக்கு மேலே,
மீன்காரி விசிறிய ஓலைக்கு மேலே,
தகரக் கூரையின் இடைவெளி வழியாக
வெளிச்சத்துக்குள்.
பிறந்து ஓர் இரவுகூட ஆகவில்லை.
என் மகன் இந்த வயதில்
தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

கூடைக்குள் ஓடு மட்டும்,
இரண்டு மூன்று சில்லாக.
டோராவிக்கி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
பிறகு கணக்குக்குத் திரும்பினார்.
பதினொன்றுக்குத்தான் பணம்.
ஓட்டை மட்டும் இலவசமாகக் கேட்டார்,
பேத்திக்குக் காட்ட.

ஊர் திரும்பியபோது
என் புருஷன் மணலில் குப்புறக் கிடந்தான்,
வலது கை தோள் வரை உள்ளே.
பன்னிரண்டாவது காசு எங்கே என்றான்.
பறந்துவிட்டது என்றேன்.
எல்லாருடைய காசும் பறக்கத்தான் செய்கிறது,
எதற்கு என்று சொல், என்றான்.
சொன்னேன்.
நம்பவில்லை. கன்னம் மணலில் அழுந்த,
கண்ணை மூடிக்கொண்டு
உள்ளே விரல்களால் துழாவிக்கொண்டிருந்தான்.

இரு, என்றான் பிறகு, மெதுவாக.
ஒன்று இருக்கிறது.
அசைகிறது.